பெரிய எஞ்சினும் மாற்று எஞ்சினும்

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மோட்டார் வண்டிகளைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரவு பகல் என்ற வேறுபாடின்றி அவை நம் காதோடு பேசிக்கொண்டே இருக்கின்றன. பின்னிரவில் மீன் சந்தைக்கு வரும் வண்டி எது, பெங்களூர் நோக்கிச் செல்லும் சரக்கு லாரி எது என்பதைப் படுக்கையில் கிடந்தபடியே ஒலியைக் கொண்டு பிரித்தறியும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதனை ஒரு கலை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. உறக்கம் கெட்டதன் பயன் என்றே கொள்க.

எங்கள் தெருவில் இயந்திரவியல் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் மாலை அவர் என்னிடம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஷெவர்லே கார்வெட் என்னும் விளையாட்டுக் கார் அது. நீண்ட மூக்கு; இருவர்க்கு மட்டுமே இருக்கை; முன்மூடியின் நடுவே, உள்ளிருக்கும் பொருள் தனக்கு இடம் போதவில்லை என்று முட்டி எழுந்தாற்போல ஒரு புடைப்பு. "ஐயா, இதன் எஞ்சின் ஏழு லிட்டராம். அங்கே ஒருவர் இதனைத் துருப்பிடித்த நிலையிலிருந்து மீட்டுப் புதிதாக்கியிருக்கிறார். நம் பக்கத்தில் இப்படி ஒரு வண்டி உண்டா?" என்று கேட்டார். "இது இல்லை, தம்பி. ஆனால் இதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று அயனம்பாக்கம் போகும் வழியில் ஒரு பட்டறையில் நிற்கிறது. நாளைக்குப் போகலாம்" என்றேன். அந்த இரண்டு வண்டிகளைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் படத்திலிருந்த வண்டி.

ஏழு லிட்டர் என்றால் என்ன என்பதை மாணவர்கள் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். சிலிண்டர் என்று பட்டறைகளில் வழங்கும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது ஒருமுறை ஓடும்போது அடைத்து விலக்கும் இடத்தின் அளவை எல்லா உருளைகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் வருவதே எஞ்சினின் கொள்ளளவு. அமெரிக்கர் அதனைக் கன அங்குலத்தில் சொல்வர். அந்த வண்டியின் எஞ்சின் 427 கன அங்குலம். எட்டு உருளைகள் நான்கு நான்காக இரு சாரியாய்ச் சாய்ந்து நிற்பது. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்த மாருதி 800இன் எஞ்சின் முழுவதும் 796 கன சென்டிமீட்டர். கார்வெட்டின் எட்டு உருளைகளில் ஒன்றே ஒன்றின் கொள்ளளவு அதனினும் மிகுதி. ஏறத்தாழ 875 கன சென்டிமீட்டர்! ஒரு குடும்பத்தை ஊருக்கு ஏற்றிச்செல்லப் போதுமானதாயிருந்த எஞ்சினைப் போல் எட்டினை ஒன்றாகக் கட்டி, இருவர் உலவிவரப் பயன்படுத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வீண் என்று சொல்பவர் சொல்லட்டும். அந்த வீணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

கார்வெட் பிறந்தபோது இத்தகைய வலிமை எதுவும் அதனிடம் இல்லை. 1953ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்து வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நடத்திய கண்காட்சியில் அது முதன்முதல் மக்கள் கண்ணுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் முதல் வண்டி தயாராயிற்று. அவ்வாண்டில் செய்தவை 300 வண்டிகளே. எல்லாம் வெள்ளை நிறம். உடல் இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தது. எஞ்சினோ குடும்பக் கார்களுக்கென இருந்த ஆறு உருளை எஞ்சினைச் சற்றே திருத்தியது. பார்வைக்குப் புலி, பாய்ச்சலுக்குப் பூனை என்று வாங்க வந்தவர்கள் கண்டுகொண்டனர். 1955ஆம் ஆண்டுக்கெனப் போர்டு நிறுவனம் வெளியிட்ட தண்டர்பேர்டு வண்டி பதினாறாயிரத்துக்கு மேல் விற்றபோது, கார்வெட் எழுநூறு மட்டுமே செய்யப்பட்டது. கார்வெட்டை நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் அந்நிறுவனத்தில் எழுந்தது.

அதனைக் காப்பாற்றியவர்களுள் தலையாயவராக ஜோரா ஆர்கஸ் டன்டாவ் என்பவரைச் சொல்ல வேண்டும். ரஷியப் பெற்றோருக்கு 1909ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்து, பெர்லினில் பொறியியல் பயின்று, இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் வீழ்ந்தபின் உயிர் தப்பி அமெரிக்கா சேர்ந்த அகதி அவர். நியூயார்க் கண்காட்சியில் கார்வெட்டைக் கண்டு, அதன் அழகுக்கும் எஞ்சினுக்கும் பொருத்தமில்லை என்று உணர்ந்து, நிறுவனத்தாருக்குக் கடிதம் எழுதி வேலை பெற்றார். ஒரு பொருளின் குறையைக் கண்டவுடன் ஏளனம் செய்யாமல், அதனைத் திருத்தும் வேலையைத் தனக்குத் தருமாறு கேட்டாரே, அந்த இயல்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1955இல் எட்டு உருளை எஞ்சின் அவ்வண்டியில் ஏறியது. அது சிறிய வகை எஞ்சின். ஆயினும் வண்டி பிழைத்தது.

பெரிய வகை எஞ்சின் வந்தது 1965ஆம் ஆண்டில். சிறியது, பெரியது என்னும் இப்பெயர்களால் பலர் மயங்குகின்றனர். இவை கொள்ளளவை மட்டும் குறிப்பன அல்ல. எஞ்சினின் வார்ப்பிரும்புக் கட்டையையே குறிப்பன. சிறிய கட்டையில் ஓர் உருளையின் நடுவுக்கும் அடுத்த உருளையின் நடுவுக்கும் இடையே 4.40 அங்குலம், பெரிய கட்டையில் 4.84 அங்குலம். அரை அங்குலம்கூட இல்லாத இந்த வேறுபாடு உருளைகளை மேலும் அகலமாகக் குடைய இடம் தந்தது. 1965இல் 396 கன அங்குலம், 1966இல் 427, 1970இல் 454. அவற்றுள் 1967ஆம் ஆண்டின் ஒரு வகைக்கு மூன்று கார்புரேட்டர்களும் 435 குதிரைத் திறனும் இருந்தன. அவ்வாண்டில் இருபதே வண்டிகளில் பொருத்தப்பட்ட எல்88 என்னும் எஞ்சினைப் பற்றிய செய்தி சுவையானது. அதன் திறன் 430 என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தார்கள். உண்மையில் அது 500க்கும் மேற்பட்டது. பந்தயத்துக்கென்றே செய்த அதனைச் சாதாரண வாடிக்கையாளர் விரும்பி வாங்கிவிடக் கூடாதென்று குறைத்துக் காட்டினராம். திறனைக் கூட்டிச் சொல்லும் வணிகர் உலகில் நிறைந்திருக்க, குறைத்துச் சொன்ன வணிகரும் இருந்திருக்கின்றனர்!

இந்தக் கொண்டாட்டம் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக, ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில திங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1974ஆம் ஆண்டோடு கார்வெட்டில் பெரிய வகை எஞ்சின் பொருத்துவது நின்றது.

இனி நம் பக்கத்து வண்டி.

கார்வெட் பிறந்த அதே 1953ஆம் ஆண்டு, இந்திய மோட்டார் வரலாற்றிலும் ஒரு திருப்பம் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. அதற்குமுன் அமெரிக்கக் கார் என்பது இங்கே அரிய பொருளன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாயில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டது. போர்டு நிறுவனமும் இங்கே வேரூன்றியிருந்தது. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லருடன் உடன்பாடு செய்துகொண்டு, 1947 முதல் பம்பாயை அடுத்த குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. 1953இல் கட்டண ஆணையம் அரசுக்குத் தந்த பரிந்துரை இந்த நிலையை மாற்றியது. பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவரே தொழிலில் நிலைக்கலாம், வெறுமனே பூட்டி விற்போர் விலகலாம் என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்சும் போர்டும் கடையைக் கட்டிக்கொண்டு சென்றன. அதற்குப்பின் புதிய அமெரிக்கக் கார் என்பது வெளிநாட்டுத் தூதரகங்களின் வழியாக வந்து, பிறகு அரசு வணிகக் கழகத்தின் வழியே கைமாறுவதாகவே பெரும்பாலும் அமைந்தது. இருவர் மட்டும் அமரும் ஏழு லிட்டர் விளையாட்டுக் காருக்கு அந்த வாயிலில் என்ன வேலை? வந்திருந்தாலும், எல்88 போன்ற எஞ்சின் கேட்ட 103 ஆக்டேன் பெட்ரோல் நம் பங்குகளில் கிடைத்ததில்லை.

அந்த 1953லேயே சென்னை மோட்டார் பந்தயக் கழகமும் தோன்றியது. இரண்டாம் உலகப்போரின்போது சோழவரத்தில் அமைத்த விமான ஓடுதளமே அதன் பந்தயக் களம். அங்கே ஓடியவற்றுள் பல, கிடைத்த சட்டகத்தில் கிடைத்த எஞ்சினைப் பொருத்தி, தகட்டை வளைத்து மூடி, உள்ளூர்ப் பட்டறைகளில் உருவாக்கியவை. பணம் படைத்தோரின் வெளிநாட்டு வண்டிகளும் வந்தன என்பது உண்மையே. ஆனால் மெக்கானிக் ஒருவர் தம் கையால் கட்டிய வண்டி அவற்றுக்குப் பக்கத்தில் நின்று புறப்பட்டதே சோழவரத்தின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. 1990இல் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென நிலையான களம் அமைத்துக்கொண்டது. வானகரத்திலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் அது வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் விளையாட்டுக் காரில் பெரிய எஞ்சினை ஏற்றிய அதே 1965ஆம் ஆண்டில்தான், நம் ஆவடியில் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளிவந்தது. அதன் எஞ்சினும் ஐந்நூறு குதிரைத் திறனுக்கு மேற்பட்டதே. அவரவர்க்கு அன்று எது தேவையாயிருந்தது என்பதை இவ்விரண்டும் அருகருகே நின்று காட்டுகின்றன.

பட்டறைக்கு வருவோம். அங்கே மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தது, 1950களின் தொடக்கத்தில் குர்லாவில் பூட்டப்பட்ட டாட்ஜ் கிங்ஸ்வே. உருண்ட முதுகு, தடித்த பம்பர், பின்னிருக்கையில் நால்வர் நெருக்கமின்றி அமரலாம். பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகட்டு வேலை முடித்து, சாம்பல் நிறப் பிரைமர் பூசியிருந்தார்கள். மேஸ்திரி முன்மூடியைத் தூக்கினார். மாணவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது பெட்ரோல் எஞ்சின் இல்லையே!" என்று வியந்தார். உள்ளே இருந்தது பெர்க்கின்ஸ் பி4 என்னும் நான்கு உருளை டீசல் எஞ்சின்.

இது எப்படி நேர்ந்தது? டாட்ஜ் வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்தது மூன்றரை லிட்டருக்கு மேற்பட்ட, பக்கவாட்டு வால்வுடைய, ஆறு உருளைப் பெட்ரோல் எஞ்சின். ஓசையின்றி ஓடும், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும். டீசலுக்கு வரி குறைவு; விலையும் குறைவு. குதிரை வண்டி கட்டுவதற்காக 1840இல் சென்னையில் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம், 1950களில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செம்பியத்தில் செய்யத் தொடங்கியிருந்தது. ஆகவே அமெரிக்க வண்டியின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை நாடெங்கும் பட்டறைகளில் நடந்தது. எண்ணெய் விலை ஏறிய பின்னர் அது மேலும் பெருகியது. அமெரிக்காவில் பெரிய எஞ்சினுக்கு முடிவு கட்டிய அதே காரணம், இங்கே டாட்ஜின் நெஞ்சையும் மாற்றியது. வாடகைக்கு ஓடிய வண்டிகளுக்கு இது உயிர்ப் பிச்சை. மாற்றாதவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இந்த மாற்று வேலை எளிதானதன்று. டீசல் எஞ்சின் கனமானது. முன்பக்க வில்லைச் சுருளைத் தடிப்பாக்க வேண்டும். அதன் அதிர்வு வேறு. தாங்கிகளைப் புதிதாக அடிக்க வேண்டும். கியர்ப் பெட்டியோடு இணைக்கும் தகட்டை லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். வரைபடம் கிடையாது; வாய்ப்பாடும் கிடையாது. மேஸ்திரி ஒரு தாங்கியைச் சுட்டிக்காட்டி, "இது எங்க அப்பா அடிச்சது, சார். நான் அப்போ துருத்தி பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாங்கியில் வெடிப்பு ஒன்றும் இல்லை.

அந்த எஞ்சினைத்தான் இப்போது இறக்கப்போகிறார்கள். வண்டியின் சொந்தக்காரர் அதனை மரபு வண்டியாகப் பதிவு செய்ய விரும்புகிறார். 2021ஆம் ஆண்டு ஜூலையில் மைய அரசு வெளியிட்ட விதிப்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகள், 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட தனிவகை எண் பெறலாம். ஆனால் வண்டி தன் மூல வடிவத்தில் இருத்தல் வேண்டும். சட்டகத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்யப்பட்டிருத்தல் ஆகாது. டீசல் எஞ்சின் இருக்கும்வரை அந்த எண் கிடைப்பது அரிது. ஆகவே சிதைந்துபோன வேறொரு கிங்ஸ்வே வண்டியிலிருந்து ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அது பட்டறையின் மூலையில், உருளைகளுக்குப் புதிய போர் போட்டு, வெளியேற்று வால்வின் இருக்கைகளைக் கெட்டியான உலோகத்தால் மாற்றிய நிலையில் இருந்தது. பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த இருக்கைகள் தேயாமல் காத்துவந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. இப்போது எரிசாராயம் கலந்த பெட்ரோலுக்கென ரப்பர்க் குழாய்களையும் மாற்றியாக வேண்டும்.

மாணவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெட்ரோல் எஞ்சினும் இந்த வண்டியோடு பிறந்ததில்லையே. பிறகு எது மூலம்?"

நல்ல கேள்வி. அமெரிக்காவில் இக்கேள்விக்கு விடை எண்களில் இருக்கிறது. கார்வெட்டின் எஞ்சின் கட்டையில் முன்புறம் ஒரு சமதளத்தில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை வண்டியின் எண்ணோடு பொருந்தினால் அவ்வண்டியின் விலை பன்மடங்கு. பொருந்தாவிட்டால் மதிப்புக் குறைவு. இதற்காகவே பழைய எண்ணை அரைத்து அழித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறிக்கும் பொய்த்தொழிலும் அங்கே வளர்ந்திருக்கிறது. மூலம் மூலம் என்று தேடுகிற ஆசையே போலியைப் பெறுகிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து வெளிவந்த நாள்தான் ஒரு வண்டியின் வரலாறு என்றால், அதன்பின் அது ஓடிய தூரமெல்லாம் அழுக்கு என்றாகும். இந்த டாட்ஜ் பெட்ரோலில் ஓடியது ஏறத்தாழ இருபது ஆண்டு. டீசலில் ஓடியது அதனினும் நீண்ட காலம். வரலாற்று மாணவனாகிய எனக்கு அந்த டீசல் எஞ்சினே இதன் சொந்த எஞ்சின். ஆனால் நான் வண்டியின் சொந்தக்காரன் அல்லேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கிங்ஸ்வே ஓசையின்றி ஓடியதை இன்றைய இளைஞர் கேட்டதே இல்லை. அதனை மீண்டும் கேட்கச் செய்வதும் வரலாற்றுப் பணியே. விதியை எழுதியவர்களையும் நான் குறை சொல்லேன். எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். மேஸ்திரியின் தந்தை போன்றோரின் வேலை அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

மேஸ்திரியிடம், "உங்களுக்கு இதில் மனவருத்தம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் கைத்துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "ஓனர் சொன்னா செய்ய வேண்டியதுதானே, சார். இந்த எஞ்சினை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்கன்னு கேட்டிருக்கேன். சரின்னுட்டார்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் மீண்டும் போனோம். பெட்ரோல் எஞ்சின் வண்டிக்குள் ஏறியிருந்தது. மேஸ்திரி ஓடவிட்டுக் காட்டினார். முன்மூடியின்மேல் வைத்த கை எஞ்சின் ஓடுவதை உணர்ந்ததே தவிர, காது உணரவில்லை, அவ்வளவு அமைதி. டீசல் எஞ்சின் சுவரோரமாக, கோணி விரித்து, தந்தையார் அடித்த தாங்கிகளைக் கழற்றாமல் வைக்கப்பட்டிருந்தது. நாளை எவராவது கேட்டால் தெரிய வேண்டும், அதன்மேல் கட்டிவைக்க ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று மேஸ்திரி கேட்டார். மாணவரிடம் பேனா இருந்தது. எஞ்சின் எண்ணைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, வண்டியின் பெயரையும், தாங்கி அடித்தவர் பெயரையும், பொருத்திய ஆண்டையும், இறக்கிய நாளையும் நான் எழுதினேன். சீட்டில் எண்ணெய் படாமலிருக்க மேஸ்திரி அதனைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார்.